கேம்ஷாஃப்டும் சிலிண்டர் ஹெட்டும்: இரண்டு பாகம், ஒரே முடிவு

எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுதான் கேம்ஷாஃப்ட், சுருக்கமாகக் கேம். அதை விற்கிறவர்கள் ஒவ்வொரு கேமுக்கும் பக்கத்தில் ஒரு வரி போட்டிருப்பார்கள்: 'பயன்படும் வேகம் 2500 முதல் 6500 ஆர்பிஎம் வரை'. எஞ்சினில் புதிதாகக் கைவைக்கிறவர்களின் கண் அந்த 6500-இல்தான் போய் நிற்கும். நான் முதலில் பார்க்கச் சொல்வது 2500-ஐ.

ஒரு சின்னக் கணக்கு. 26 அங்குல விட்டமுள்ள டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.07 மீட்டர் உருளும். கார் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது அந்த டயர் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது. பின் ஆக்சிலின் கியர் விகிதம் 2.73 என்றும், டாப் கியர் ஒன்றுக்கு ஒன்று என்றும் வைத்துக்கொண்டால், எஞ்சின் 2200 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 2200 சுற்றில் இருக்கும். நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் போகும்போதுகூட, அந்தக் கேம் வேலையைத் தொடங்கும் இடத்துக்கு எஞ்சின் வந்து சேரவில்லை. ஊருக்குள் 40, 50-இல் ஊர்ந்து போகும்போது சொல்லவே வேண்டாம்.

அதனால் முதல் கேள்வி இதுதான்: உங்கள் கார் பெரும்பாலான நேரம் எந்த ஆர்பிஎம்மில் ஓடுகிறது? அதற்குப் பதில் தெரிந்த பிறகு, அந்த வேகத்துக்கு ஏற்ற கேமையும் ஹெட்டையும் சேர்த்து ஒரே முடிவாக எடுக்க வேண்டும். கேம் இப்போது, ஹெட் பிறகு பார்க்கலாம் என்று தனித்தனியாக வாங்கினால், காசும் போய் இருந்த பிக்கப்பும் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஏன் அப்படி ஆகிறது என்பதை எண்களோடு காட்ட முடியும். அதற்கு முன்னால் அடிப்படை கொஞ்சம்.

கேம் என்ன செய்கிறது?

எஞ்சின் என்பது அடிப்படையில் ஒரு காற்றுப் பம்ப். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே விட்டுவிடலாம். அதை எரிக்கத் தேவையான காற்றைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் கஷ்டம். காற்று வந்து போகும் வழி முழுக்க சிலிண்டர் ஹெட்டில் இருக்கிறது. இன்டேக் போர்ட், எக்ஸாஸ்ட் போர்ட், அவற்றை மூடித் திறக்கும் வால்வுகள், கலவை எரியும் அறை எல்லாம் அங்கேதான். அந்த வால்வுகள் எப்போது, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை கேம்ஷாஃப்டில் முட்டை வடிவில் இருக்கும் லோப்கள்.

நான்கு ஸ்ட்ரோக்கும் முடிய கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி சுற்ற வேண்டும். அதற்குள் கேம் சுற்றுவது ஒரே சுற்றுதான். ஆனாலும் வால்வு திறந்திருக்கும் காலத்தை கிராங்க் டிகிரியில் சொல்வதுதான் வழக்கம். அதன் பெயர் டியூரேஷன்.

பிஸ்டன் மேலிருந்து கீழே வர 180 டிகிரி ஆகிறது. அப்படியானால் இன்டேக் வால்வும் 180 டிகிரி திறந்திருந்தால் போதாதா? போதாது. 6000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் மேலிருந்து கீழே வருவதற்கு ஆகும் நேரம் 5 மில்லி செகண்டு. அதற்குள் போர்ட்டில் தேங்கி நிற்கும் காற்று நகர ஆரம்பித்து, வேகம் பிடித்து, சிலிண்டரை நிரப்பியாக வேண்டும். வால்வையும் ஒரே தட்டில் திறந்துவிட முடியாது. மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்கி வைக்கவில்லை என்றால் உடைந்து போகும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே இன்டேக் வால்வைத் திறக்கத் தொடங்குகிறார்கள். பிஸ்டன் அடியைத் தொட்டு மறுபடி மேலே ஏறத் தொடங்கிய பிறகுதான் மூடுகிறார்கள். வேகமெடுத்த காற்று சட்டென்று நிற்காது. பிஸ்டன் எதிரே ஏறி வந்தாலும் கொஞ்ச நேரம் உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும்.

இதில்தான் சிக்கலும் இருக்கிறது. 1500 ஆர்பிஎம்மில் அதே ஸ்ட்ரோக்குக்கு 20 மில்லி செகண்டு கிடைக்கிறது. காற்று நிதானமாக வந்து நிரப்பிவிடுகிறது, ஆனால் அதற்கு வேகம் இல்லை. வால்வு இன்னும் திறந்திருக்கும்போது பிஸ்டன் மேலே ஏறினால், உள்ளே வந்த காற்றையே திரும்ப இன்டேக் பக்கம் தள்ளிவிடும். டியூரேஷன் கூடக் கூட மேல் ஆர்பிஎம்மில் ஆதாயம், கீழ் ஆர்பிஎம்மில் நஷ்டம். கேம் பற்றிய மற்ற எல்லாப் பேச்சும் இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சுற்றித்தான்.

டியூரேஷன் எண்களை ஒப்பிடும்போது ஒரு விஷயத்தில் பலர் ஏமாந்துபோவார்கள். ஒரே கேமுக்கு 280 என்று ஓரிடத்திலும் 225 என்று இன்னோரிடத்திலும் போட்டிருக்கும். இரண்டும் சரிதான். முதலாவது, டேப்பெட் (லோப்பின் மேல் உட்கார்ந்து அதன் அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் பாகம்) கொஞ்சமே கொஞ்சம் நகர்ந்த உடனே எண்ணத் தொடங்குவது. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. இரண்டாவது, டேப்பெட் 0.050 அங்குலம், அதாவது 1.27 மில்லிமீட்டர் ஏறிய பிறகு எண்ணுவது. இது எல்லோருக்கும் பொதுவான அளவு. இரண்டு கேம்களை அருகருகே வைத்துப் பார்ப்பதானால் 0.050 எண்ணைப் பாருங்கள்.

அப்புறம் லிஃப்ட். வால்வு தன் இருக்கையிலிருந்து எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பது அது. கேம் கீழே இருந்து நீண்ட கம்பிகளால் தள்ளும் புஷ் ராட் எஞ்சினில் லோப்பின் உயரத்தை ராக்கர் ஆர்ம் என்ற நெம்புகோல் பெருக்கிக் கொடுக்கும். லோப் 8 மி.மீ. தூக்கினால், 1.5 விகித ராக்கரில் வால்வு 12 மி.மீ. திறக்கும், 1.6 ராக்கர் போட்டால் 12.8. லிஃப்ட் நல்லதுதான், கீழ் ஆர்பிஎம்மை டியூரேஷன் அளவுக்குக் கெடுக்காது. ஆனால் வால்வை மூடிவைக்கும் ஸ்பிரிங்கும் ஹெட்டும் அதைத் தாங்க வேண்டும். வால்வு தன் விட்டத்தில் கால்பங்கு இறங்கியதும் அதைச் சுற்றியிருக்கும் இடைவெளி வால்வின் முழுப் பரப்புக்குச் சமமாகிவிடும். 51 மி.மீ. வால்வுக்கு அது 12.8 மி.மீ. அதற்கு மேல் காற்றைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் போர்ட்தான். ஹெட்டில் வழி இல்லாமல் லிஃப்டை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் ஸ்பிரிங் தேய்வதுதான் மிச்சம்.

இன்டேக் வால்வு மூடும் நேரம்

ஒரு கேமில் நான்கு சம்பவங்கள் உண்டு: இன்டேக் திறப்பது, மூடுவது, எக்ஸாஸ்ட் திறப்பது, மூடுவது. சாலையில் ஓடும் காருக்கு இதில் எது முக்கியம் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் இன்டேக் மூடும் நேரம் என்பேன். அந்த வால்வு மூடிய பிறகுதான் சிலிண்டரில் உண்மையான அழுத்தம் ஆரம்பிக்கிறது.

உதாரணத்துக்கு செவர்லே 350-ஐ எடுத்துக்கொள்வோம். 1955-இல் வந்த ஸ்மால் பிளாக் குடும்பத்தில் 1967-இல் சேர்ந்த 5.7 லிட்டர் வி8 இது. கேமும் ஹெட்டும் இதற்குக் கிடைப்பது போல வேறு எஞ்சின்களுக்குக் கிடைப்பது அரிது. சிலிண்டர் விட்டம் 101.6 மி.மீ., ஸ்ட்ரோக் 88.4 மி.மீ., கனெக்டிங் ராட் 144.8 மி.மீ. நீளம்.

இதில் ஒரு சாதுவான கேம் இருக்கிறது. பிஸ்டன் அடியைத் தொட்ட பிறகு கிராங்க் 56 டிகிரி சுற்றியதும் அது இன்டேக் வால்வை மூடிவிடுகிறது என்போம். அந்தக் கணத்தில் பிஸ்டன் மேலே போக இன்னும் 73.6 மி.மீ. பாக்கி இருக்கும். அழுத்தத்துக்குப் பயன்படும் ஸ்ட்ரோக் அவ்வளவுதான். அதைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் துடிப்பான கேம் போடுகிறோம்; அது 66 டிகிரியில் மூடுகிறது. இப்போது பாக்கி 68 மி.மீ. கிட்டத்தட்ட ஐந்தரை மி.மீ. போய்விட்டது.

இதைக் கம்ப்ரஷன் விகிதமாக, அதாவது சிலிண்டரில் அடைபட்ட கலவை எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பதாக மாற்றிப் பாருங்கள். காகிதத்தில் 8.5-க்கு ஒன்று என்று இருக்கும் எஞ்சினில், சாதுவான கேமோடு உண்மையில் கிடைப்பது 7.2 சொச்சம். துடிப்பான கேம் போட்டதும் அது 6.8-க்கு இறங்கிவிடும். இதைத்தான் ஓட்டுகிறவர் 'கீழே இழுவையே இல்லை' என்று உணர்கிறார். புதுக் கேம் போட்ட கார் சிக்னலிலிருந்து கிளம்பவே திணறுகிறது என்று யாராவது சொன்னால், கார்புரேட்டரைத் திருகுவதற்கு முன்னால் கம்ப்ரஷன் எவ்வளவு என்று கேட்பேன்.

இப்போது ஹெட்டைக் கொண்டுவருவோம். அந்தப் பழைய ஹெட்டில் எரியும் அறையின் கொள்ளளவு 76 சிசி. 64 சிசி அறை உள்ள ஹெட் போட்டால், மற்றவை அப்படியே இருக்க, 8.5 என்பது ஏறக்குறைய 9.5 ஆகிவிடும். அதே 66 டிகிரி கேமோடு உண்மையான விகிதம் 7.6-க்கு ஏறிவிடுகிறது. முதலில் இருந்த 7.2-ஐவிட அதிகம். கேம் கீழே பறித்ததை ஹெட் திருப்பிக் கொடுத்துவிட்டது. கேம் மேலே தந்த ஆதாயம் கையிலேயே நிற்கிறது. இரண்டையும் ஒரே முடிவாக எடுங்கள் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

எதிர்த் திசையிலும் தவறு செய்யலாம். கம்ப்ரஷனை 10.5, 11 என்று ஏற்றிவிட்டு, சீக்கிரம் மூடும் சின்னக் கேமை வைத்தால், சாதாரண பெட்ரோலில் நாக்கிங் வரும், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்து எஞ்சின் தட்டும். பம்ப் பெட்ரோலில் ஓடும் எஞ்சினுக்கு இந்த உண்மையான விகிதம் 8 முதல் 8.5-க்குள் இருப்பதைப் பலர் எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். பழைய இரும்பு ஹெட்டானால் இதில் கீழ்ப்பக்கமே நிற்பது நல்லது.

லோப்களுக்கு நடுவே

இன்டேக் லோப்பின் உச்சிக்கும் எக்ஸாஸ்ட் லோப்பின் உச்சிக்கும் நடுவில் இருக்கும் கோணம் லோப் செபரேஷன். இதைக் கேம் டிகிரியில் சொல்வார்கள்; சாலைக் கார் கேம்களில் 108 முதல் 114 வரை அதிகம் பார்க்கலாம். கோணம் குறைந்தால் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடும். அதுதான் ஓவர்லாப். கணக்கு எளிது: இரண்டு வால்வுக்கும் 280 டிகிரி, செபரேஷன் 110 என்றால், 280-இலிருந்து 220-ஐக் கழித்து 60 டிகிரி ஓவர்லாப். செபரேஷனை 114 ஆக்கினால் அது 52.

மேல் ஆர்பிஎம்மில் வெளியேறும் புகை தன் பின்னால் புதுக் காற்றை இழுத்துவிடும். ஓவர்லாப் அங்கே உதவி. ஐட்லிங்கில், அதாவது கார் நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, அப்படி நடக்காது. எரிந்த புகை இன்டேக் பக்கம் புகுந்து புதுக் கலவையைக் கெடுக்கும், சில சுற்றுகளில் சிலிண்டர் சரியாக எரியாது, எஞ்சின் 'லப்... லப்...' என்று குலுங்கும். அந்தச் சத்தத்துக்காகவே கேம் மாற்றுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கும் அது பிடிக்கும். ஒரு நல்ல வி8 அப்படி நின்று குலுங்குவதைக் கேட்டால் மனசு நிறைந்துவிடும். ஆனால் அந்தச் சத்தம் என்பது ஐட்லிங்கில் எஞ்சின் ஒழுங்காக எரியவில்லை என்பதன் சத்தம். அதற்கு ஒரு விலை இருக்கிறது என்று தெரிந்தே வாங்குங்கள்.

விலை முதலில் வாக்குவத்தில், அதாவது இன்டேக் பக்கம் உண்டாகும் உறிஞ்சு விசையில் தெரியும். கம்பெனி கேமோடு ஐட்லிங்கில் 18, 20 அங்குலப் பாதரசம் காட்டும் எஞ்சின், பெரிய ஓவர்லாப் கேமில் 10, 12-க்கு வந்துவிடும். பவர் பிரேக்கின் பூஸ்டர் அந்த வாக்குவத்தை நம்பித்தான் இருக்கிறது. 15-க்குக் கீழே போனால் பெடல் கல் மாதிரி ஆகத் தொடங்கும். நெரிசலில் இரண்டு மூன்று தடவை அடுத்தடுத்து பிரேக் அடித்தால் உதவியே இல்லாமல் போகலாம். வீட்டில் மற்றவர்களும் ஓட்டும் கார் என்றால் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃப்யூல் இன்ஜெக்ஷன் எஞ்சினுக்கும் பிரச்சினை உண்டு. சென்சார்கள் அந்தக் குலுங்கும் காற்றைப் பார்த்துக் குழம்பும், கம்ப்யூட்டரை மறுபடி டியூன் செய்தாக வேண்டும். அதனால்தான் இன்ஜெக்ஷன் கார்களுக்கு 112, 114 என்று அகலமான செபரேஷனைப் பரிந்துரைக்கிறார்கள். டர்போ எஞ்சினுக்கும் அகலம்தான் பொதுவாக நல்லது.

ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனிக் கேம் இருக்கும் ட்வின் கேம் எஞ்சின்களில், கேம் கியரைத் திருப்பி இந்தக் கோணத்தையே மாற்றிக்கொள்ளலாம். 1989-இல் ஹோண்டா கொண்டுவந்த விடெக்கோ இன்னும் ஒரு படி மேலே போனது. கீழே ஓட ஒரு லோப், மேலே ஓட வேறொரு லோப் என்று இரண்டையும் ஒரே கேமில் வைத்துவிட்டார்கள். கீழுக்கும் மேலுக்கும் நடுவிலான பேரத்தை அவர்கள் அப்படித் தீர்த்தார்கள். ஒரே லோப்பில் ஓடுகிற நமக்கு அந்த வசதி இல்லை.

ஹெட்டில் எதைப் பார்ப்பது?

ஹெட் வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது இன்டேக் போர்ட்டின் கொள்ளளவு: 180 சிசி, 195, 210, 227. பெரியது நல்லது என்றுதான் கை போகும். தண்ணீர்க் குழாயின் முனையை விரலால் அழுத்திப் பிடித்திருப்பீர்கள். வழி குறுகினால் தண்ணீர் வேகமாகப் பாயும். போர்ட்டும் அப்படித்தான். அளவான போர்ட்டில் காற்று வேகமாகப் போகும். அந்த வேகம்தான் பிஸ்டன் மேலே ஏறும்போதும் சிலிண்டரைத் தொடர்ந்து நிரப்புகிறது, பெட்ரோலைத் துளித்துளியாகக் காற்றிலேயே வைத்திருக்கிறது. மிகப் பெரிய போர்ட்டில் கீழ் ஆர்பிஎம்மில் காற்று சோம்பிப் போகும். 5.7 லிட்டர் சாலை எஞ்சினுக்கு 180 முதல் 195 சிசி வரை தாராளம். 220-க்கு மேலே உள்ளவை பெரிய எஞ்சினுக்கு அல்லது 6500-ஐத் தாண்டிச் சுற்றும் எஞ்சினுக்கு.

அடுத்து ஃப்ளோ எண். ஹெட்டை ஒரு மேடையில் பூட்டி, 28 அங்குல நீர் அழுத்த வித்தியாசத்தில் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று போகிறது என்று அளப்பார்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது உச்ச லிஃப்டில் கிடைத்த எண். உங்கள் கேம் அந்த லிஃப்டைத் தொடவே தொடாது என்றால் அந்த எண்ணால் உங்களுக்கு என்ன பயன்? வால்வு உச்சியைத் தொடுவது ஒரு சுற்றுக்கு ஒரே தடவை. நடு லிஃப்டை மட்டும் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று இரண்டு தடவை கடக்கிறது. அதனால் 5 மி.மீ. முதல் 10 மி.மீ. வரையுள்ள எண்களைத்தான் நான் ஒப்பிடுவேன். சின்ன போர்ட்டில் அதே ஃப்ளோ காட்டும் ஹெட் கிடைத்தால் அதுவே சிறந்தது. யாரோ உட்கார்ந்து போர்ட்டின் வடிவத்தை நன்றாக யோசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எக்ஸாஸ்ட் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. எக்ஸாஸ்ட் ஃப்ளோ இன்டேக்கில் 75 சதவீதம் இருந்தால் ஆரோக்கியம். அதைவிடக் குறைவாக இருந்தாலோ, வெளியே குறுகலான சைலன்சர் இருந்தாலோ, எக்ஸாஸ்ட் லோப்புக்கு 6 முதல் 10 டிகிரி கூடுதல் டியூரேஷன் உள்ள கேமைத் தேர்ந்தெடுப்பார்கள். இப்படி ஹெட்டின் குறையைக் கேம் கொஞ்சம் ஈடுகட்ட முடியும். ஹெட்டின் எண்கள் கையில் இல்லாமல் கேம் வாங்க வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

இரும்பா அலுமினியமா? அலுமினியம் எடை மிகவும் குறைவு, சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும், அதனால் நாக்கிங் இல்லாமல் கொஞ்சம் கூடுதல் கம்ப்ரஷன் வைத்துக்கொள்ளலாம், பழுது பார்ப்பதும் எளிது. இரும்பு மலிவு. இரும்பென்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். 1996-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் டிரக், வேன்களில் போட்ட வோர்டெக் ஹெட் முழு இரும்புதான். 64 சிசி அறை, ஏறக்குறைய 170 சிசி போர்ட். அந்தச் சின்ன போர்ட்டோடு சாலை எஞ்சின்களில் அது காட்டிய இழுவையால் நல்ல பெயர் வாங்கியது. ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. லிஃப்ட் 12 மி.மீ. அளவை நெருங்கும்போதே ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ரிட்டெய்னர், வால்வின் தண்டு நகரும் குழாயான வால்வு கைடின் மேலிருக்கும் சீலில் போய் இடிக்கும். அதைக் கடைசல் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்யாமல் பெரிய கேம் போட்டவர்கள் கைடையும் சீலையும் நொறுக்கியிருக்கிறார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்

ஒரே கேம் எல்லா எஞ்சினிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. 0.050-இல் 230 டிகிரி என்பது 5 லிட்டர் எஞ்சினில் முரட்டுத்தனம்; 7.4 லிட்டர் எஞ்சினில் அதுவே சாது. பெரிய சிலிண்டருக்கு நிரப்ப வேண்டிய இடம் அதிகம். நண்பரின் காரில் நன்றாக ஓடிய கேம் உங்கள் காரில் ஓடும் என்று எடுத்துக்கொள்வதற்கு முன் அவர் எஞ்சின் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள்.

5.7 லிட்டரை வைத்தே சொன்னால், 0.050-இல் 205 முதல் 215 டிகிரி வரை ஐட்லிங் அமைதியாக இருக்கும், எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும். 215-இலிருந்து 225 வரை லேசான துடிப்பு காதில் விழும், பிரேக் வாக்குவம் பெரும்பாலும் தப்பிக்கும். தினமும் ஓட்டும் காருக்கு நான் நிற்கச் சொல்லும் இடம் இது. 225-ஐத் தாண்டினால் கியர் விகிதத்தையும் ஆட்டோமேட்டிக் கார் என்றால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரையும் மாற்றியே ஆக வேண்டும். 240-க்கு மேல் பந்தயத் தடத்துக்கு உரியது.

கியரைப் பற்றி: முதலில் போட்ட கணக்கில் 2.73-க்குப் பதில் 3.73 போட்டால், அதே 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மைத் தொடும். இப்போது அந்த 2500 கேமுக்கு வேலை இருக்கிறது. பெட்ரோலும் சத்தமும் கூடும், 0.70 ஓவர்டிரைவ் கியர் இருந்தால் மறுபடி 2100-க்கு இறக்கிக்கொள்ளலாம். டார்க் கன்வெர்ட்டரும் இதே தர்க்கம்தான். கேம் எந்த ஆர்பிஎம்மில் விழித்துக்கொள்கிறதோ, அதைவிடச் சில நூறு மேலே வரை எஞ்சினைச் சுற்ற விடும் கன்வெர்ட்டர் வேண்டும். இல்லையென்றால் கார் ஒவ்வொரு சிக்னலிலும் தூங்கி வழியும்.

இரண்டு கேமுக்கு நடுவில் மனசு ஊசலாடினால் சின்னதை எடுங்கள். கொஞ்சம் சின்னக் கேம் உச்சியில் சில ஹார்ஸ்பவரை இழக்கும், அதை வருடத்தில் நான்கு நாள் உணர்வீர்கள். கொஞ்சம் பெரிய கேம் கீழே டார்க்கை, அதாவது இழுவையை இழக்கும், அதைத் தினமும் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் உணர்வீர்கள். ஹெட்டில் மட்டும் தாராளமாகச் செலவழிக்கலாம். போர்ட் அளவுக்கு மீறாத வரைக்கும், நல்ல ஹெட் கீழே எதையும் பறிக்காது.

பூட்டுவதற்கு முன்

கேம் மாற்றினால் வால்வு ஸ்பிரிங்கும் மாற வேண்டும். கேமோடு எந்த ஸ்பிரிங் சேரும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருப்பார், அதையே வாங்குங்கள். ஸ்பிரிங் பலவீனமாக இருந்தால் மேல் ஆர்பிஎம்மில் வால்வு லோப்பைப் பின்தொடர முடியாமல் மிதக்கும். முழு லிஃப்டில் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது, ஒன்றரை மி.மீ. பாக்கி இருக்க வேண்டும்.

வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்று பார்ப்பதை மட்டும் யார் சொன்னாலும் தவிர்க்காதீர்கள். இதற்குக் குழந்தைகள் பொம்மை செய்யும் களிமண் போதும். பிஸ்டன் தலையில் வால்வுக்காக வெட்டியிருக்கும் பள்ளத்தில் அரை விரல் கனத்துக்கு அதை அப்பி, மேலே லேசாக எண்ணெய் தடவுங்கள். இல்லையென்றால் வால்வோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை வைத்து இறுக்கி, அந்த சிலிண்டருக்கு மட்டும் புஷ் ராடும் ராக்கரும் பூட்டுங்கள். ஹைட்ராலிக் டேப்பெட் எண்ணெய் இல்லாமல் அமுங்கிப் பொய் சொல்லும். சோதனைக்கு ஒரு சாலிட் டேப்பெட் வைத்துக்கொள்ள வேண்டும். கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கேயாவது முட்டினால் நிறுத்திவிடுங்கள், பலத்தைக் காட்ட வேண்டாம். ஹெட்டைக் கழற்றினால் களிமண்ணில் இரண்டு வால்வும் பிறை வடிவில் பதிந்திருக்கும். பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளந்து பாருங்கள். இன்டேக்குக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ. இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் நீளும், அது மூடும்போது பிஸ்டன் பின்னாலேயே துரத்திக்கொண்டு வரும். அதனால் அதற்குக் கூடுதல். இங்கே அளவெடுத்த கேஸ்கெட் ஏற்கனவே நசுங்கியது, புதியதும் இறுக்கிய பிறகு அதே கனத்துக்கு வருகிறதா என்று பாருங்கள்.

கேமை டிகிரி வைத்துச் சரிபார்ப்பதும் இதே மாதிரித்தான். டைமிங் செயினின் புள்ளிகள் நேராக இருப்பதால் கேம் சரியான இடத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கிராங்கில் டிகிரி சக்கரத்தை மாட்டி, பிஸ்டனைத் தடுக்கும் ஸ்டாப்பில் இரண்டு பக்கமும் முட்டவைத்து, இரண்டு அளவுக்கும் நடுப்புள்ளியை உச்சியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு டேப்பெட்டின் மேல் டயல் கேஜை வைத்து, 0.050 அங்குலத்தில் அது எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று படித்து, கேமோடு வந்த அட்டையில் உள்ள எண்களோடு ஒப்பிட வேண்டும். 4 டிகிரி தள்ளியிருந்தால் இன்டேக் மூடும் நேரமும் 4 டிகிரி தள்ளிவிட்டது. மேலே போட்ட கம்ப்ரஷன் கணக்கெல்லாம் நகர்ந்துவிடும்.

லோப்பின் மேல் சக்கரத்தால் உருளும் ரோலர் டேப்பெட் உள்ள எஞ்சின் என்றால் முதல் ஸ்டார்ட்டில் பெரிதாகப் பயப்பட ஒன்றும் இல்லை. ஃபோர்டு 5.0 ஹெச்ஓ 1985-இலும், செவர்லே 350 1987-இலும் ரோலருக்கு மாறத் தொடங்கின. அதற்கு முந்தைய தட்டை டேப்பெட் எஞ்சினாக இருந்தால், புதுக் கேமுக்குப் புது டேப்பெட்தான் போட வேண்டும். பழையது அந்தப் பழைய லோப்போடு தேய்ந்து பழகியது. லோப் முழுக்க மாலிப்டினம் பேஸ்ட் தடவி, துத்தநாகம் அதிகமுள்ள எண்ணெய் ஊற்றுங்கள். எஞ்சின் பற்றிக்கொண்டதும் ஐட்லிங்கில் விடாமல் உடனே 2000-க்கு மேலே கொண்டுபோய், 2500 வரை ஏற்றி இறக்கியபடி 20 முதல் 30 நிமிடம் ஓட விட வேண்டும். லோப்களுக்கு எண்ணெய் போவது கிராங்க் சிதறடிப்பதில்தான்; ஐட்லிங்கில் அந்தச் சிதறல் போதாது. அதனால் அதற்கு முன்பே பெட்ரோலும் இக்னிஷன் டைமிங்கும் ரேடியேட்டர் தண்ணீரும் சரியாக இருக்கின்றனவா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிடுங்கள்.

அந்த அரை மணி நேரம் முடிந்ததும் ஐட்லிங்குக்கு இறக்கி, இன்டேக் மேனிஃபோல்டில் வாக்குவம் கேஜை மாட்டுங்கள். முள் 15, 16-இல் லேசாகத் துடித்துக்கொண்டு நின்றால், எஞ்சினை அணைத்து எண்ணெயும் ஃபில்டரும் மாற்றிவிட்டு, காரை வெளியே எடுக்கலாம்.